கதவுக்கு உள்ளே ஒரு அம்மா

அந்த வீட்டில் காலை ஏழு மணிக்குள் மூன்று முறை கதவு அறைந்து சாத்தப்பட்டால், யாரோ யாருக்கோ முகம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு ஏழு அடிப்பதற்குள் ஐந்து முறை ஆகிவிட்டது!

முதல் இரண்டும் மகளின் அறை. மூன்றாவது குளியலறை. நான்காவதும் ஐந்தாவதும் பெரிய சிஸ்டரின் கைவரிசை. இஸ்திரி போடுவதற்காக வெள்ளை உடுப்பை எடுத்தவள், அலமாரிக் கதவின்மேல் கோபத்தைக் காட்டினாள். கதவு பதில் பேசாததால் இன்னொரு தடவையும் காட்டினாள்.

பெரிய சிஸ்டர் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். முப்பது வருஷ சர்வீஸ். அக்கம்பக்கத்துத் தெருக்களில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப்பேரை முதன்முதலில் தூக்கிய கை அவளுடையது. புருஷன் போய்ச் சேர்ந்து இருபத்து மூன்று வருஷமாகிறது. பெற்றது ஒரே மகள். வயது இருபத்தேழு, எட்டாம் மாதம் நடக்கிறது, ஆனாலும் வீட்டில் இன்னும் அவள் பெயர் ‘பாப்பா’தான். பாப்பாவுக்கே பாப்பா பிறக்கப்போகிற நேரத்தில் இந்தக் கூத்து.

கூத்துக்குக் காரணம் நாத்தனாரின் வாய். புருஷனின் அக்கா அவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல், தம்பி போனபிறகு தம்பி மகளே கதியென்று அந்த வீட்டிலேயே இருந்துவிட்டவள். நல்ல மனசு. ஆனால் ஒரு ரகசியத்தை அவளிடம் கொடுப்பதும் ஒலிபெருக்கியில் கொடுப்பதும் ஒன்றுதான். நேற்று மாலை துணி மடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

“அந்த பிரசவ இல்லத்துல ரூமெல்லாம் நல்ல வெளிச்சமா இருக்காம்டி. பாப்பா பேரு பதிஞ்சுட்டு வந்து சொன்னா...”

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோஜனம்?

பெரிய சிஸ்டர் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி முழுக்க உள்ளேயே வைத்துப் புழுங்கியது காலையில் வெடித்தது. மகள் தேநீர்க் கோப்பையோடு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்ததுதான் தாமதம்.

“முப்பது வருஷமா நான் வேலை பாக்கற இடம் உனக்கு ஆகாம போயிடுச்சா?”

“ஆகாதுன்னு யாரும்மா சொன்னா?”

“சொல்ல வேற வேணுமா? ஜன்னலோரமா பெட்டு, நல்ல டாக்டர், பக்கத்துலயே ஆபரேஷன் தியேட்டர்... எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். நீ என்னடான்னா எனக்குத் தெரியாம போய் இன்னொரு இடத்துல பேரு பதிஞ்சுட்டு வர! அதுவும் யாரோட இடம்? ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா?”

“அவங்க நல்லா பாத்துக்கறாங்க. நான் அங்கதான் போவேன்.”

“நான் பாத்துக்க மாட்டேனா?”

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் மட்டும் இறங்கவில்லை.

“நீ எல்லாரையும் பாத்துக்குவம்மா. ஊர்ல இருக்கற அத்தனை பொண்ணுங்க கையையும் புடிச்சிருக்க. என் கையத் தவிர!”

நாற்காலியை இழுத்துத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். ஆறாவது கதவு.

“காலங்காத்தால ஒரு வாய் டீகூட குடிக்க விடல பாரு,” என்று நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே கோப்பையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். கதவு திறந்தது. நாத்தனாருக்கு மட்டும் அது எப்போதும் திறக்கும். உள்ளேயிருந்து விசும்பலும், “அழாதடி கண்ணு, வயித்துல இருக்கறது பயந்துக்கும்,” என்ற சமாதானமும் கேட்டன. பெரிய சிஸ்டர் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். போய் அந்தக் கதவைத் தட்டவேண்டும் போலிருந்தது. எப்படித் தட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த இடம் யாருடையது என்பதில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு காலத்தில் அதே வார்டில் அவளுக்கு அடுத்தபடியாக ஒருத்தி இருந்தாள். இவள் பெரிய சிஸ்டர், அவள் சின்ன சிஸ்டர். வேலையில் கெட்டி, வாயும் கெட்டி, மனசு மட்டும் இளகல். வார்டுக் கதவில் ஒரு பலகை தொங்கும்: ‘உறவினர் உள்ளே வர அனுமதி இல்லை.’ பெரிய சிஸ்டர் தன் கையாலேயே எழுதி மாட்டிய பலகை அது. அதற்கும் காரணம் இருந்தது. அவள் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பிரசவத்தின்போது சொந்தக்காரர்கள் ஆறு பேர் உள்ளே நுழைந்துவிட, அதில் ஒரு அம்மாள் ரத்தத்தைப் பார்த்து மயங்கி வாசலை அடைத்து விழ, டாக்டர் உள்ளே வருவதற்குள் குழந்தை நீலம் பாரித்துப்போனது. எப்படியோ பிழைத்தது. ஆனால் அந்தச் சில நிமிஷங்களைப் பெரிய சிஸ்டர் மறக்கவேயில்லை. அன்றைக்கு எழுதியதுதான் பலகை. அதற்குப் பிறகு யார் வந்து கெஞ்சினாலும், யார் சிபாரிசு கொண்டுவந்தாலும், கதவுக்கு அந்தப் பக்கம்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மதியம், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி “எங்கம்மாவ கூப்பிடுங்க, எங்கம்மாவ கூப்பிடுங்க...” என்று கதறியதைப் பொறுக்கமாட்டாமல், சின்ன சிஸ்டர் பின்வாசல் வழியாக அந்தத் தாயை உள்ளே அழைத்துவந்து கட்டிலோரம் உட்காரவைத்துவிட்டாள். கால் மணி நேரம்தான். பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டாள். சாயங்காலமே மேலிடத்துக்கு அறிக்கை போனது. விளக்கம் கேட்டார்கள். சின்ன சிஸ்டர் விளக்கம் எழுதவில்லை, ராஜினாமாவைத்தான் எழுதினாள். மேலும் இரண்டு வருஷம் மருத்துவச்சிப் படிப்புப் படித்து, நாலு தெரு தள்ளி ஒரு பிரசவ இல்லத்தைத் திறந்துவிட்டாள். சிக்கல் இல்லாத பிரசவங்கள் மட்டும் அங்கே. அவசரம் என்றால் கூப்பிட ஒரு டாக்டர், வாசலில் எப்போதும் ஒரு வண்டி.

வார்டிலிருந்து தான் விரட்டியவளிடம் தன் மகள் பிள்ளை பெறப் போகிறாள்! ஊர் சிரிக்காதா? பெற்ற வயிறு பற்றி எரியாதா?

வாசலில் மாப்பிள்ளை ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றான். அதே வீட்டில்தான் அவனும் இருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. மனுஷன் எந்தச் சண்டையிலும் கட்சி சேரமாட்டான், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் டிரைவர் வேலை பார்ப்பான்.

“ஏறுங்க அத்தை, ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போறேன்.”

“நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லக்கூடாதா மாப்பிள்ளை?”

“நான் சொன்னா கேக்கறவளா அவ? உங்க பொண்ணாச்சே!” என்று சிரித்தான். சிக்னலில் வண்டி நின்றபோது திரும்பாமலேயே சொன்னான்: “எங்க வேலையில ஒரு விதி இருக்கு அத்தை. லிஃப்ட் நடுவுல நின்னு ஆள் உள்ள மாட்டிக்கிட்டா, ரிப்பேர் பண்றவன் ரிப்பேரப் பாப்பான். இன்னொருத்தன் கதவுக்குப் பக்கத்துல நின்னு உள்ள இருக்கறவங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கணும். சும்மா எதையாவது பேசணும். கதவு தொறக்கற வரைக்கும் பேச்சு நிக்கக்கூடாது. பேச்சு நின்னுட்டா உள்ள இருக்கறவங்களுக்குக் காத்து இருந்தாலும் மூச்சு முட்டும்.”

“உங்க லிஃப்டும் என் வார்டும் ஒண்ணா?”

“ஒண்ணுன்னு நான் எங்க சொன்னேன்?” என்றவன் பச்சை விளக்கைப் பார்த்ததும் தப்பித்தோம் என்று வண்டியை விரட்டினான்.

அடுத்த மூன்று வாரம் தாயும் மகளும் ஒரே கூரையின்கீழ் அந்நியர்களாக நடமாடினார்கள். வேண்டிய பேச்செல்லாம் நாத்தனார் வழியாகத்தான் போய் வந்தது. “இரும்பு மாத்திரை சாப்பிட்டாளான்னு கேளுங்க அண்ணி.” “சாப்பிட்டேன்னு சொல்லுங்க அத்தம்மா.” இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த நாத்தனாருக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. “நான் என்ன தபால் பெட்டியா? ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது!” என்று எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு மாத்திரைப் பேச்சும் நின்றுபோனது.

அத்தம்மா! அந்த வார்த்தை ஒவ்வொரு தடவை காதில் விழும்போதும் பெரிய சிஸ்டருக்குச் சுருக்கென்றிருக்கும். நாலு வயதில் குழந்தை தானாகவே கண்டுபிடித்த பெயர் அது. அத்தையும் அவள்தான், அம்மாவும் அவள்தான் என்று. காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் துணி நனைத்துப் போட்டவள் அத்தம்மா. பள்ளிக்கூட மேடையில் பாட்டுப் பாடியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவள் அத்தம்மா. முதல்முதலாக வயதுக்கு வந்த அன்று பயந்து அழுதவளை மடியில் போட்டுக்கொண்டவளும் அத்தம்மாதான். அந்த நாளெல்லாம் பெரிய சிஸ்டர் எங்கே இருந்தாள்? முகம் தெரியாத எவளோ ஒருத்தியின் தலைமாட்டில் நின்று, “இன்னும் கொஞ்சம்டா கண்ணு, இதோ ஆச்சு,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வேலை இருந்ததால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, மகள் படித்தாள். யாரும் அதைக் குறை சொல்லவில்லை. மகள்கூட. ஆனால் கேட்டுப் பெறாத ஒரு பொருள் மாதிரி, வலியிலும் பயத்திலும் மகள் கூப்பிடுகிற ‘அம்மா’ என்ற குரல் அவளுக்கு வராமலே போய்விட்டது.

சமையலறையில் நின்றபடி பார்ப்பாள். கூடத்தில் மகள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். நாத்தனார் இடுப்பைப் பிடித்துவிடுவாள். ‘அங்க இல்ல அண்ணி, இன்னும் ரெண்டு விரல் கீழ... எலும்புக்கு உள்பக்கம்...’ என்று தொண்டைவரை வரும். தன் கை தானாகவே காற்றில் அழுத்தும். யார் பெற்ற பெண்ணுக்கெல்லாமோ அழுத்திய கை அது! மென்று விழுங்கிக்கொண்டு அடுப்பைப் பார்க்கத் திரும்புவாள்.

மகளின் கால் வீங்கியிருப்பதை முதலில் கவனித்ததும் அவள்தான். செருப்பின் வார் பாதத்தில் பதிந்து தடம் விழுந்திருந்தது. விரல் மோதிரத்தைக் கழற்றி வைத்திருந்தாள். முகத்திலும் ஒரு உப்பல். வார்டில் ஒரு பெண்ணை இப்படிப் பார்த்திருந்தால் அடுத்த நொடி ரத்த அழுத்தக் கருவியோடு நின்றிருப்பாள். இங்கே, சொந்த வீட்டில், அனுமதி கேட்கவேண்டியிருந்தது.

“அண்ணி, பிரஷர் பாக்கச் சொல்லுங்க.”

“அங்க வாரா வாரம் பாக்கறாங்களாம். இன்னிக்குக் காலையிலகூட போகணுமாம்,” என்றாள் நாத்தனார். “நீ போய்ப் பாத்தா என்ன? உன் கை என்ன முள்ளா?”

அன்று பெரிய சிஸ்டருக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகவில்லை. கால் தானாக நாலு தெரு தள்ளி நடந்தது. போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடவேண்டும் என்றுதான் கிளம்பினாள். ‘என்னப் பழி தீத்துக்க என் மகதான் கெடச்சாளா?’ என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பிரசவ இல்லம் சின்ன மாடிவீடு. வாசலில் செருப்பு வைக்கிற தட்டு. உள்ளே சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம், குறை கண்டுபிடிக்கவென்றே வந்த கண்ணுக்கு ஒரு தூசுகூட அகப்படவில்லை. திறந்திருந்த ஒரு அறையில் அகலமான கட்டில், எடை பார்க்கும் கருவி, ஆக்ஸிஜன் உருளை. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. கட்டிலின் தலைமாட்டில் ஒரு நாற்காலி. வார்டில் எந்தக் கட்டிலுக்கும் நாற்காலி கிடையாது.

“வாங்க சிஸ்டர்,” என்றது பழகிய குரல். சின்ன சிஸ்டர் கொஞ்சம் பருத்திருந்தாள், முன்தலை நரைத்திருந்தது. “நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேன். உக்காருங்க.”

“உக்கார வரல. என் பொண்ண என்ன சொல்லி மயக்கின? என்மேல உனக்குக் கோபம் இருந்தா என்கிட்ட காட்டு... வயித்துப் புள்ளக்காரிகிட்ட காட்டாத!”

சின்ன சிஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். “நாங்க எல்லார்கிட்டயும் எழுதி வாங்கறது. நீங்களே படிச்சுப் பாருங்க.”

மகளின் கையெழுத்து. வயது, கடைசி மாதவிலக்குத் தேதி, ஒவ்வாத மருந்துகள்... எல்லாவற்றையும் பழக்கத்தில் ஓட்டமாகப் படித்த கண் கடைசி வரியில் நின்றது. ‘பிரசவத்தின்போது உள்ளே உங்களுடன் யார் இருக்கவேண்டும்?’

‘என் அம்மா.’

புருஷன் பெயர் இல்லை. அத்தம்மா இல்லை. அம்மா!

பெரிய சிஸ்டர் உட்கார்ந்துவிட்டாள்.

“எதுக்கு இங்க வந்தன்னு முதல் நாளே கேட்டேன் சிஸ்டர்,” என்றாள் சின்னவள், மெதுவாக. “உங்கம்மா வார்டு இருக்கும்போது இங்க ஏம்மான்னு. அதுக்கு அவ, ‘அங்க போனா எங்கம்மா சிஸ்டரா இருப்பாங்க, இல்லன்னா வெளிய இருப்பாங்க. எனக்கு ஒரே ஒரு நாளாவது எங்கம்மா அம்மாவா வேணும்’னு சொன்னா. உங்ககிட்டயும் கேட்டாளாமே... நாலாம் மாசத்துல?”

கேட்டாள்தான். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேசையில் வார்டின் வேலைப் பட்டியலைப் பரப்பி வைத்து எழுதிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் பக்கத்தில் வந்து நின்று, “அம்மா, எனக்கு வலி வரும்போது நீ உள்ள என்கூட இருப்பியா?” என்றாள். இவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “டியூட்டியில இருக்கறவங்க சொந்தக்காரங்களப் பாக்கக்கூடாது. டியூட்டி இல்லாதவங்க உள்ள வரக்கூடாது. டாக்டர் பொண்ணா இருந்தாலும் அதேதான்,” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை எழுதினாள். விதியைக் கேட்டதாகத்தான் நினைத்தாளே தவிர, தன்னைக் கேட்டதாகத் தோன்றவேயில்லை. அன்றைக்கு மகள் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றாள் என்றுகூட நினைவில்லை.

“பாவி நான்...” என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள் பெரிய சிஸ்டர். விரலிடுக்கில் கண்ணீர் வழிந்தது. “நான் வரேன். இங்கயே வரேன். நாற்காலியில உக்காந்துக்கறேன். நீ சொல்றபடி கேக்கறேன்...”

சின்ன சிஸ்டரின் முகம் வாடியது.

“அதச் சொல்லத்தான் உங்களத் தேடிக்கிட்டு வர இருந்தேன் சிஸ்டர். காலையில பிரஷர் நூத்தி ஐம்பதுக்கு நூறு இருந்துச்சு. படுக்க வெச்சு ஒரு மணி நேரம் கழிச்சும் அப்படியேதான். சிறுநீர்ல புரதம் போகுதான்னு சோதனைக்கு அனுப்பினேன், முடிவு இப்பத்தான் வந்துச்சு, போகுது. இதுக்கு மேல நான் அவள இங்க வெச்சுக்கக் கூடாது. வெச்சுக்கவும் மாட்டேன். அவ ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும்... இன்னிக்கே.”

பெரிய சிஸ்டருக்குத் தெரியாதா? எத்தனை பேரைப் பார்த்தவள்! தான் சொன்ன இடம்தான் கடைசியில் சரியென்று ஆனது. ஜெயித்தவள் அவள்தான். அந்த ஜெயிப்பு வேண்டாமென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். சின்ன சிஸ்டர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல மகள் முதலில் தலையாட்டிக் கேட்டாள். பிறகு உதடு துடித்தது. பிறகு குழந்தை மாதிரி அழுதாள்.

“வரேன்... குழந்தைக்காக வரேன். ஆனா அந்தக் கதவு சாத்திடும் இல்ல? எனக்கு யாரும் இருக்க மாட்டாங்க இல்ல?”

“நான் இருப்பேன்,” என்றாள் பெரிய சிஸ்டர்.

மூன்று வாரத்துக்குப் பிறகு மகளின் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

“உன் சட்டம் விடாதும்மா.”

“அத எழுதின கை இன்னும் இருக்குடி.”

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டே துணிகளை எடுத்துப் பையில் போட்டாள். மாப்பிள்ளை ஒரே அறைக்குள் நாலு தடவை ஸ்கூட்டர் சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது. “பிரசவ இல்லத்து வண்டியே வாசல்ல நிக்குது, ஸ்கூட்டர் எதுக்குடா?” என்று நாத்தனார் அவன் தலையில் தட்டினாள்.

மகளை வார்டில் சேர்த்து, மருந்து ஏற்றி, வலி வர வழி செய்தார்கள். பிரஷர் ஒரு அளவுக்குக் கட்டுக்குள் வந்தது. மறுநாள் காலை வார்டுப் பொறுப்பிலிருந்த பெரிய டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள் பெரிய சிஸ்டர். கையில் விடுப்புக் கடிதம்.

“இதுக்கு எதுக்கு லீவு?” என்றார் டாக்டரம்மா. “உங்க பொண்ணுதானே, நீங்க போய் கூட இருங்க. யாரு கேக்கப்போறா? நான் கண்டுக்க மாட்டேன்.”

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகளின் கை கிடைத்துவிடும். அந்த ஆசை அவளைப் பிடித்து உலுக்கியது. ஆனால் அவள் நகரவில்லை.

“வேணாம் டாக்டர். என் பொண்ணுக்கு மட்டும்னா வேணாம்.”

“என்ன சிஸ்டர் இது...”

“ஆறு வருஷத்துக்கு முன்ன நீங்க என்கிட்ட கேட்டீங்க, ஒரு பொண்ணுக்கு ஒரு ஆள் கூட இருக்கலாமான்னு. வார்டு நடத்த முடியாதுன்னு நான்தான் அடிச்சுப் பேசினேன். ஆறு பேர் வந்தது தப்பு. அதுக்காக ஒருத்தரையும் விடாதது அதைவிடப் பெரிய தப்பு. எத்தனையோ பேரு உள்ள அம்மா அம்மான்னு கத்தினாங்க, வெளிய அவங்க அம்மாங்க சுவத்துல தலைய முட்டிக்கிட்டாங்க... நடுவுல கதவச் சாத்திக்கிட்டு நின்னவ நான். இன்னிக்கு என் பொண்ணுக்குன்னு வந்ததும் மட்டும் கதவத் தொறந்தா, அவங்கள்ல ஒருத்தி முகத்துலயாவது நான் முழிக்க முடியுமா?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஒரு பொண்ணுக்கு ஒரு ஆள். கை கழுவி, மேலங்கி போட்டுக்கிட்டு, தலைமாட்டுல உக்காரணும். டாக்டர் வெளிய போகச் சொன்னா உடனே போயிடணும். கட்டிலுக்குக் கட்டில் திரை போட்டுக்கலாம். எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். நீங்க கையெழுத்துப் போடுங்க. சின்ன சிஸ்டர்மேல நான் குடுத்த அறிக்கை தப்புன்னும் எழுதியிருக்கேன், அதையும் வாங்கிக்கங்க.”

“இன்னிக்கே ஆரம்பிக்கணுமா?”

“மணி எட்டரை ஆகுது. இப்பவே.”

டாக்டரம்மா படித்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் திருத்தினார். கையெழுத்துப் போட்டார்.

வார்டு வாசலில் எப்போதும்போல் கூட்டம். பெரிய சிஸ்டர் ஸ்டூலில் ஏறிப் பலகையைக் கழற்றினாள். அவள் கையிலிருந்த பட்டியலில் மூன்று பெயர்கள். மகளின் பெயர் மூன்றாவது.

“முதல் கட்டில்காரங்க யாரு? அம்மா இருக்கீங்களா?”

முழங்கையில் பையை மாட்டிக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்த ஒரு பெண் மிரண்டுபோய் எழுந்தாள். “என்னம்மா ஆச்சு என் பொண்ணுக்கு?”

“ஒண்ணும் ஆகல. உங்களத்தான் கேக்கறா. உள்ள வாங்க.”

அந்தப் பெண் நம்பவில்லை. “நெசமாவா சொல்றீங்க?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

இரண்டாவது கட்டில்காரிக்கு யாரும் வரவில்லை. புருஷன் கப்பல் வேலையில் இருந்தான், தாய் இல்லை. பட்டியலை வைத்துக்கொண்டு பெரிய சிஸ்டர் தவித்து நின்றாள். படிக்கட்டுப் பக்கமாக நாத்தனாரோடு நின்றிருந்த சின்ன சிஸ்டர் கண்ணில் பட்டாள். மகளின் பரிசோதனைச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள்.

பெரிய சிஸ்டர் அவளிடம் போனாள். வார்டுத் தாழ்வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள ஒரு பொண்ணு தனியா கெடக்கா. அவளுக்குச் சொந்தம்னு சொல்லிக்க யாரும் இல்ல. நீ வரியா?”

“நானா... இந்த வார்டுக்கா?”

“நான்தான் உன்ன வெளிய அனுப்பினேன். நானேதான் கூப்பிடறேன். மனசுல வெச்சுக்காதம்மா...”

சின்ன சிஸ்டர், பெரிய சிஸ்டரின் தோளில் ஒரு நிமிஷம் நெற்றியை வைத்தாள். பிறகு கைகழுவும் இடத்தை யாரும் காட்டாமலேயே போய்க் கண்டுபிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் வாசலிலேயே நின்றாள். “அண்ணி, நீங்க வளத்தவங்க. உங்களுக்குத்தான் முதல் உரிமை...” என்று பெரிய சிஸ்டர் தயங்கினாள்.

“அட போடி!” என்றாள் நாத்தனார். அழுகையும் சிரிப்புமாக அவளைப் பிடித்து முதுகில் தள்ளினாள். “இருபத்து மூணு வருஷமா அவ என் மடியில தலைய வெச்சுக்கிட்டு வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. எனக்குத் தெரியாதா? போ... உள்ள போ!”

வார்டுச் சாவியை அடுத்த நர்ஸிடம் கொடுத்தாள். வெள்ளை உடுப்பை மாற்றிக்கொண்டு, மற்ற தாய்மார்கள் போட்டுக்கொண்ட அதே பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டாள். மூன்றாவது திரையை விலக்கினாள்.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்திலிருந்து காதுவரை ஈரம். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள், பழக்கத்தில், “சிஸ்டர், தண்ணி...” என்று ஆரம்பித்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

“அம்மா?”

“அம்மாதான்டி.”

“அம்மா... அம்மா...” என்று மகள் இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்த ஒரு கையை விரல் விரலாகக் கோத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பெரிய சிஸ்டரின் மோதிரம் விரலில் அழுந்தி வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டரை... டாக்டரம்மா வந்து வந்து பார்த்துப் போனார். பெரிய சிஸ்டர் ஒரு கருவியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பிறந்த அன்று மகளின் தலையில் எவ்வளவு முடி இருந்தது, அவள் அப்பா எப்படிப் பயந்து பயந்து தூக்கினார், பள்ளிக்கூட மேடையில் பாடிய பாட்டை அன்று ராத்திரி தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பாடவைத்துக் கேட்க ஏங்கியது, எழுப்பாமல் விட்டது... இத்தனை வருஷமாகச் சொல்லாமல் விட்டதெல்லாம் வந்தது. வலி ஏறும்போது மகள் கத்துவாள். இறங்கும்போது, “அப்புறம்?” என்பாள்.

ஒரு மணிக்கு மேல் அந்த ‘அப்புறம்’ நின்றது. டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. மகளின் நகம் அவள் மணிக்கட்டில் பதிந்தது.

“முடியலம்மா... என்னால முடியலம்மா!”

“முடியும்டி என் கண்ணு. அம்மா இருக்கேன். என் முகத்தப் பாரு. என்னையே பாரு...”

மகள் பார்த்தாள். அந்தப் பார்வையை விட்டுப் பெரிய சிஸ்டர் கண்ணை எடுக்கவில்லை. எங்கேயோ ஒரு வீறிடல் கேட்டது. யாரோ மணி சொன்னார்கள். யாரோ, “நல்லா அழுவுது, நல்ல எடை,” என்றார்கள்.

மகள் தலையணையில் சரிந்தாள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

“என்ன குழந்தைம்மா? பையனா, பொண்ணா?”

பெரிய சிஸ்டர் திருதிருவென்று விழித்தாள். முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் குழந்தைகளை முதலில் பார்த்த கண்! ஒரு தடவை தவறியதில்லை.

“தெரியலடி,” என்றாள். குரல் உடைந்தது. “நான் பாக்கவே இல்ல. உன்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்...”

மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் உடனே திரும்பவில்லை.